அல்சாஸ் திராட்சை ஊரில் இரண்டு பேராக மூன்று இரவு: பாண்டியிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் முத்தியால்பேட்டைக்காரர்கள். என் நாத்தனார் குடும்பம் பாரிசுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறது. 2016, 2019, 2023 என்று மூன்று தடவை போயிருக்கிறோம். கடைசி இரண்டு தடவையும் நடுவில் மூன்று இரவை ஒதுக்கி, நானும் வீட்டுக்காரரும் மட்டும் பிரான்சின் கிழக்கு ஓரத்தில் ஜெர்மனியை ஒட்டி இருக்கிற அல்சாஸ் பக்கம் போய், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற எகிசைம் என்கிற சின்ன ஊரில், நாலே அறை உள்ள ஒரு விடுதியில் தங்கிவிட்டு வந்தோம். அதை ஒருத்தரிடம் சொல்லப்போக, இப்போது கல்யாண வீட்டிலும் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குகிற இடத்திலும் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள். நம் ஊரில் பிரான்சில் ஆள் இல்லாத தெரு கிடையாது, அதனால் கேள்வியும் நிற்காது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

உறவுக்காரர் வீடு இருக்கும்போது வெளியே காசு கொடுத்துத் தங்குவதா? அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

முதலில் வருவது இந்தக் கேள்விதான், நானும் 2016இல் இதையே நினைத்துப் பேசாமல் இருந்தவள். அந்தத் தடவை மூன்று வாரம் நாத்தனார் வீட்டில். இரண்டு படுக்கையறை வீடு, எங்களுக்கு ஹாலில் விரித்துப் போடுகிற சோபா. கடைசி ஆள் டிவியை அணைத்த பிறகுதான் படுக்க முடியும், காலையில் ஐந்தரைக்கு அண்ணன் வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டதும் எழுந்து மடித்து வைத்துவிட வேண்டும். எங்களைத் தாங்கித் தாங்கிப் பார்த்துக்கொண்டார்கள், ஒரு குறை சொல்ல வாய் வராது. ஆனால் ஈஃபில் கோபுரம் பார்க்கப் போனாலும் எட்டுப் பேர், கறிகாய் வாங்கப் போனாலும் நாலு பேர். திரும்பி வருகிற விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் இவர் என் பக்கம் திரும்பி, "உனக்கு ஊர் பிடிச்சுதா?" என்று கேட்டார். மூன்று வாரத்தில் என்னிடம் மட்டும் என்று அவர் பேசிய முதல் பேச்சு அது. கல்யாணமாகி அப்போது இருபத்திரண்டு வருஷம். மாமியாருக்கு முடியாமல் போனது, பெரியவன் பத்தாவது, சின்னவள் பன்னிரண்டாவது என்று போன வருஷங்களில் நாங்கள் இரண்டு பேராக வெளியூரில் தங்கியது கொடைக்கானலில் இரண்டே நாள், அதுவும் கல்யாணமான புதிதில். அவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போயும் ஒரு நாள்கூட நமக்கென்று வைத்துக்கொள்ளாமல் வருவது சரியில்லை என்று அந்த விமானத்திலேயே முடிவு செய்தேன்.

சொல்கிற விதம் இருக்கிறது. டிக்கெட் போடும்போதே "இந்தச் செவ்வாயிலிருந்து வெள்ளி வரை அல்சாஸ் போய் வருகிறோம்" என்று பயணத்தின் ஒரு பகுதியாகச் சொல்லிவிடுங்கள். போய் இறங்கி ஒரு வாரம் கழித்துச் சொன்னால், நாம் ஏதோ குறைவாக நடத்திவிட்டோமோ என்று அவர்களுக்குத்தான் மனசு சங்கடப்படும். வார நாளாக வைத்துக்கொண்டால் அவர்களும் வேலைக்குப் போகிற நாள், அவர்கள் ஹாலும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். 2023இல் நாத்தனாரே "இந்தத் தடவை எந்தத் தேதி?" என்று கேட்டுக் காலண்டரில் குறித்து வைத்தார்.

ஏன் அல்சாஸ்? ஒயினுக்குப் போர்தோ, ஷாம்பாஞ் பகுதிகள்தானே பெரிய பெயர்?

பெயர் பெரியதுதான். ஆனால் போர்தோ பக்கம் தோட்டங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும், கார் இல்லாமல் சிரமம். ஷாம்பாஞ் பாரிசுக்குப் பக்கம், காலையில் போய் இரவு திரும்பிவிடலாம், அதனாலேயே தங்குகிற எண்ணம் வராது. அல்சாஸ் நமக்குத் தோதாக இருப்பதற்கு முதல் காரணம் ரயில். நம்மவர்கள் மளிகை வாங்கப் போகிற லா ஷாப்பெல் தெரு இருக்கிறதே, ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கிற இடம், அங்கிருந்து கார் து லெஸ்த் ரயில் நிலையம் நடந்து போகிற தூரம். அங்கே டிஜிவி என்கிற அதிவேக ரயில் ஏறினால் ஸ்ட்ராஸ்பூருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், நேராகக் கொல்மார் போகிற வண்டியானால் இரண்டேகால், இரண்டரை மணி. நேர் வண்டி ஒரு நாளைக்குச் சிலதான் உண்டு. கிடைக்காவிட்டால் ஸ்ட்ராஸ்பூரில் இறங்கி அரைமணி நேர உள்ளூர் ரயில் பிடிக்கலாம்.

இரண்டாவது, ஊர்கள் நெருக்கம். மார்லன்ஹைம் என்ற ஊரில் தொடங்கி 'தான்' (Thann) என்ற ஊர் வரைக்கும் சுமார் 170 கிலோமீட்டருக்கு 'ஒயின் சாலை' என்று 1953இலேயே பெயர் வைத்து ஒரு பாதை இருக்கிறது. ஒரு பக்கம் வோழ் மலைத்தொடர், இன்னொரு பக்கம் ரைன் ஆற்றுச் சமவெளி, நடுவில் மலைச்சரிவு முழுக்கத் திராட்சை, ஐந்து கிலோமீட்டருக்கு ஓர் ஊர். அந்த மலைதான் மேற்கிலிருந்து வருகிற மழையைத் தடுத்துவிடுகிறது. கொல்மாரில் வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை, நம் பாண்டியில் பெய்வதில் பாதி. பழம் அழுகாமல் மெதுவாகப் பழுப்பதற்கு அதுதான் காரணம் என்று விடுதிக்கார அம்மா சொன்னார்.

மூன்றாவது காரணம் நான் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது. அந்தப் பகுதி 1871இல் ஜெர்மனிக்குப் போய், 1918இல் பிரான்சுக்கு வந்து, 1940இல் மறுபடி போய், 1945இல் மறுபடி வந்திருக்கிறது. ஊர்ப் பெயரெல்லாம் ஜெர்மன் மாதிரி, பேச்சு பிரெஞ்சு, பாட்டிமார் தங்களுக்குள் பேசுவது அல்சாசியன். தெருப் பலகையில் பிரெஞ்சுப் பெயரும் கீழே அவர்கள் பாஷைப் பெயரும். நம் ரூ துமா, ரூ ரோமன் ரோலான் நீலப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதைப் பார்த்ததும் ஒரு நெருக்கம் வந்துவிடும். பிரெஞ்சுக்காரன், டச்சுக்காரன், இங்கிலீஷ்காரன் என்று கை மாறின ஊர்தானே நம்முடையதும்.

'ஷாம்ப்ர் தோத்' என்கிறார்களே, அது ஓட்டலா?

இல்லை. குடியிருக்கிற வீட்டில் சில அறைகளை விருந்தாளிக்கு விடுவது. சட்டப்படி ஐந்து அறைக்கு மேல், பதினைந்து பேருக்கு மேல் கூடாது. காலைச் சாப்பாடும் படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையிலேயே சேர்த்தி. வீட்டுக்காரர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிவு செய்திருக்க வேண்டும் (நமக்கு மேரி என்றால் கடற்கரைச் சாலைக் கட்டடம், அங்கே ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒன்று உண்டு). 'ஜீத்' என்று போட்டிருந்தால் அது வேறு. சமையலறையோடு தனி வீடு, பெரும்பாலும் வாரக் கணக்கில் விடுவார்கள். சோறு பொங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் ஜீத் பாருங்கள். இரண்டு பேர் நிம்மதியாக இருக்க வேண்டும், யாரும் அடுப்படிக்குப் போகக் கூடாது என்றால் ஷாம்ப்ர் தோத்.

அறை எப்படி இருக்கும்? கீழே படுக்கிற வசதி, குளிக்கிற வசதி எல்லாம்?

நாங்கள் தங்கிய வீடு நூற்றுக்கணக்கான வருஷம் பழசு. மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து நடுவில் மண் பூசிக் கட்டின சுவர், சட்டம் கறுப்பு, பூச்சு மஞ்சள். எங்கள் அறை கூரைக்கு அடியில், ஓட்டுச்சாய்வு அப்படியே தலைக்கு மேல் இறங்கும், கட்டிலின் ஒரு பக்கம் எழுந்தால் நிமிர முடியாது. ஏறுகிற மாடிப்படி குறுகல், மரம், ஒவ்வொரு படியும் ஒரு சத்தம் போடும். லிஃப்ட் கிடையாது, எனவே பெரிய பெட்டியை நாத்தனார் வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு தோள்பையோடு போங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் பதிவு செய்யும்போதே கீழ்த்தள அறை கேளுங்கள், பெரும்பாலும் ஒன்று இருக்கும்.

ஏசி இருக்காது. கெட்டிச் சுவர், வெளிப்பக்கம் மரக்கதவு போட்ட ஜன்னல், நம் வெள்ளைநகர வீடுகளில் இருக்கிற அதே மாதிரி. பகலில் மூடி வைத்து இரவில் திறந்தால் குளிர்ச்சி தானாக வரும். குளியலறையில் வாளி, குவளை கிடையாது, ஷவர் மட்டும். கழிப்பறையில் காகிதம்தான். ஒரு காலி தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு போனால் பிரச்சினை முடிந்தது. கூச்சப்படாமல் சொல்கிறேன், எல்லோரும் கடைசியில் மெதுவான குரலில் கேட்கிற கேள்வி இதுதான்.

வரவேற்பு மேசை என்று ஒன்று இராது. மாலை நாலிலிருந்து ஏழுக்குள் வரச் சொல்வார்கள். தாமதமானால் போன் செய்து சொல்லிவிட வேண்டும், அது அவர்கள் வீடு, அவர்களும் தூங்க வேண்டும். அறையில் ஊறுகாய் பாட்டிலைத் திறப்பது, துணி துவைத்து ஜன்னலில் காயப்போடுவது இரண்டும் வேண்டாம்.

காலைச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழே ஒரே நீள மேசை. எட்டரைக்குப் போனால் ரொட்டி சூடாக இருக்கும், வீட்டில் செய்த மிராபெல் என்கிற மஞ்சள் பிளம் ஜாம், வெண்ணெய், தயிர், காபி. நடுவில் குகெலோஃப். முறுக்கிப் பிழிந்த தலைப்பாகை மாதிரி வரி வரியாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும் ரொட்டிக் கேக், உள்ளே உலர்ந்த திராட்சை, மேலே ஒவ்வொரு வரிக்கும் ஒரு பாதாம். அதை மண் அச்சில்தான் சுடுகிறார்கள், சூஃப்ளன்ஹைம் என்ற குயவர் ஊரில் செய்கிற அச்சு. அந்த அம்மா தன் அச்சைக் கொண்டுவந்து காட்டினார், அவர் மாமியாருடையதாம், உள்பக்கம் வெண்ணெய் ஊறி ஊறிக் கறுத்துப் பளபளவென்று, நம் வீட்டுப் பழைய தோசைக்கல் மாதிரியே இருந்தது. புது அச்சில் முதல் சில தடவை ஒட்டும், பழகினால்தான் விடும் என்றார். இவர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன்.

நாங்கள் ஒயின் குடிக்க மாட்டோம். போகலாமா?

நான் குடிப்பதில்லை. அப்படியிருந்தும் இரண்டு தடவை போனேன், மறுபடியும் போவேன். திராட்சை ஊர் என்பது குடிக்கிற இடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், பாண்டியில் ஒயின் என்கிற சொல் கடைப்பலகையில்தானே இருக்கிறது. அங்கே அது விவசாயம். காலையில் ஏழு மணிக்கு நடக்கப் போனால் டிராக்டர் வரிசைக்குள் நுழைந்து போய்க்கொண்டிருக்கும், மனிதர்கள் கத்தரியோடு குனிந்திருப்பார்கள்.

கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை பார்த்திருப்பீர்கள், பந்தல் போட்டுக் கொடியை மேலே ஏற்றி, குலை தலைக்கு மேல் தொங்கும். இங்கே பந்தல் இல்லை. கம்பி இழுத்து, வேலி மாதிரி வரிசை வரிசையாக, கொடியின் அடித்தண்டு மணிக்கட்டு தடிமனுக்கு முறுக்கிக்கொண்டு, பட்டை உரிந்து உரிந்து நிற்கும். குலை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. பழம் நம் பன்னீர் திராட்சையில் பாதி அளவுதான், விதை பெரிது, ஆனால் பழுத்த செப்டம்பரில் ஒன்று வாயில் போட்டால் தேன் (கேட்காமல் பறிக்கக் கூடாது, தோட்டக்காரர் ஒரு குலை கொடுத்தார்). சில வரிசைகளின் தலைமாட்டில் ஒரு ரோஜாச் செடி. அழகுக்கு என்று நினைத்தேன். கொடிக்கு வருகிற பூஞ்சை நோய் ரோஜாவில் முன்கூட்டியே தெரியும், அதற்காக அந்தக் காலத்தில் வைத்த பழக்கமாம்.

குடிக்காதவர்களுக்குத் தோட்டக்காரர்களே பிழிந்து பாட்டிலில் அடைத்த திராட்சைச் சாறு விற்கிறார்கள், கேட்டால் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுப்பார்கள். சாராயச் சேர்மானம் எதுவும் இல்லாதது. அப்புறம், வாசனை பார்ப்பதற்கு யாருக்கும் தடை இல்லை. கெவூர்ஸ்ட்ராமினர் என்று ஒரு திராட்சை, அதன் ஒயினை முகர்ந்தால் பன்னீர் ரோஜாவும் லிச்சியும் கலந்து அப்படியே மேலெழும். இவர் கிண்ணத்தை வாங்கி நான் முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன், மூன்று நாளும் அப்படித்தான்.

குடிப்பவர்கள் சுவை பார்க்கப் போகும்போது எப்படி நடந்துகொள்வது?

'தெகுஸ்தாசியோன்' என்று பலகை தொங்குகிற வீட்டுக்குள் போய் முதலில் போன்ழூர் (வணக்கம்) சொல்லுங்கள். வரிசையாக நாலைந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள், 'உலர்ந்தது' என்று சொல்கிற இனிப்பில்லாததிலிருந்து இனிப்பானது வரை. பக்கத்தில் ஒரு பாத்திரம் இருக்கும், வாயில் சுழற்றிவிட்டு அதில் துப்பலாம். துப்பினால் மரியாதைக் குறைவு என்று நாம் நினைப்போம், அங்கே அது முறை. இவர் முதல் இடத்தில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு இரண்டாம் இடத்தில் உட்கார நாற்காலி தேடினார். பல இடங்களில் சுவை பார்க்கக் காசு கேட்பதில்லை. அப்படியானால் ஒரு பாட்டிலாவது வாங்குவது நாகரிகம்.

அல்சாஸ் பாட்டிலைச் சுலபமாக அடையாளம் காணலாம், ஒல்லியாக உயரமாக, தோள் இல்லாமல் இருக்கும். சீட்டில் திராட்சையின் பெயரே பெரும்பாலும் எழுதியிருக்கும்: ரீஸ்லிங் உலர்ந்தது, மீனுக்கு நன்றாகப் போகும். மஸ்கட் என்பது பழத் திராட்சை மாதிரியே மணக்கும். கெவூர்ஸ்ட்ராமினர் மசாலாச் சாப்பாட்டோடு சேரும், நாத்தனார் வீட்டு இறால் தொக்கோடு சாப்பிட்டு இவர் சொன்னது. நுரை வருவது க்ரெமான். பூர்கோஞ் பகுதி ஒயின் மாதிரித் தோட்டப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லாதது புதியவர்களுக்குப் பெரிய வசதி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

இல்லை, ஆனால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அல்சாஸ் சாப்பாடு பன்றிக்கறியில்தான் நிற்கிறது. தார்த் ஃப்ளாம்பே என்று அப்பளம் மாதிரி மெல்லிசான மாவில் கிரீமும் வெங்காயமும் தூவி விறகு அடுப்பில் சுட்டுத் தருவார்கள், பார்ப்பதற்குச் சைவம், ஆனால் உள்ளே சிறு சிறு பன்றித் துண்டு இருக்கும், அதற்கு லார்தோன் என்று பெயர். "சான் லார்தோன்" என்று சொன்னால் காளானோ பாலாடைக்கட்டியோ போட்டுத் தருவார்கள். பிபெலஸ்கேஸ் என்று ஒன்று கேளுங்கள், கெட்டித்தயிர் மாதிரியான வெள்ளைப் பாலாடையில் பூண்டும் பச்சிலையும் நறுக்கிப் போட்டு, வறுத்த உருளைக்கிழங்கோடு வரும். நம் நாக்குக்கு அதைவிடத் தோது எதுவும் அங்கே இல்லை. மன்ஸ்டர் பாலாடைக்கட்டி நாற்றம் தாங்காது, ருசி அப்படி இல்லை. முட்டைகூட வேண்டாம் என்பவர்கள் விடுதிக்கு முன்னாலேயே எழுதிச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று நேரம். மத்தியானம் இரண்டுக்கு அடுப்பை அணைத்தால் இரவு ஏழுக்குத்தான் திறப்பார்கள், ஒன்பது ஒன்பதரைக்கு மேல் கிடைக்காது, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறை. 2019இல் நாங்கள் ஒரு திங்கட்கிழமை இரவு எட்டரைக்கு எகிசைம் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் தட்டிய கதவெல்லாம் மூடல். நாத்தனார் வற்புறுத்திக் கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலம் இருந்தது. அறையில் சாப்பிடலாமா என்று தயங்கித் தோட்டத்துக் கல்பெஞ்சில் உட்கார்ந்தோம். விடுதி அம்மா ஜன்னலில் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு தட்டு, இரண்டு முள்கரண்டி, ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தச் சாப்பாட்டை மறக்க முடியாது. ஆனாலும் திங்கட்கிழமை வேண்டாம்.

சில விடுதிகளில் 'தாப்ல் தோத்' உண்டு: இரவுச் சாப்பாடு, வீட்டுக்காரரோடு ஒரே மேசையில், அன்று செய்தது என்னவோ அதுதான். முன்பே சொல்ல வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. அறுவடை நேரம், ஊர் முழுக்கப் பிழிந்த சாறு புளிக்கிற வாசனை, மலைச்சரிவு பச்சையிலிருந்து மஞ்சளாக மாறும். ஆனால் சீக்கிரம் நிரம்பிவிடும். மே, ஜூனும் நன்றாக இருக்கும், ஜூனில் சூரியன் மறைய ஒன்பதரை ஆகிறது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் வெளிச்சத்தில் நடக்கலாம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை, விளக்கு, கூட்டம், இரண்டு பேர் அமைதியாக இருக்கிற காலம் அல்ல. ஜனவரி, பிப்ரவரியில் நிறைய விடுதி மூடியிருக்கும். பிரான்சின் பெரும்பாலான பகுதிகளில் இல்லாத இரண்டு விடுமுறை அல்சாசில் உண்டு, பெரிய வெள்ளியும் டிசம்பர் 26உம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடல்.

கார் வேண்டுமா?

கொல்மாரிலிருந்து எகிசைம் ஏழு கிலோமீட்டருக்குள்தான். டாக்சி, வாடகைச் சைக்கிள், நேரம் ஒத்துவந்தால் பஸ். நாங்கள் ஒரு நாள் தோட்டங்களுக்கு நடுவே நடந்தே கொல்மார் போனோம், ஒன்றரை மணி நேரம். கார் எடுத்தால் ஒருவர் குடிக்கக் கூடாது. அங்கே வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 0.2. நாலு இடத்தில் ருசி பார்த்தால் தாண்டிவிடும்.

எவ்வளவு ஆகும்? முன்பணம் கேட்கிறார்களே?

2023இல் எங்களுக்கு ஒரு இரவுக்கு 95 யூரோ, இரண்டு பேருக்கும் காலைச் சாப்பாட்டோடு. அதோடு ஆளுக்கு ஓர் இரவுக்குச் சின்னதாக ஊர் வரி. டிஜிவி டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் பாதிக்குப் பாதி குறையும், அதில் மிச்சம் பிடித்து ஒரு இரவு வாடகையையே கட்டிவிடலாம்.

முன்பணத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'ஆர்' என்று எழுதியிருந்தால், நாம் போகாவிட்டால் அந்தப் பணம் மட்டும் போகும், அவர்கள் ரத்து செய்தால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். 'அகோந்த்' என்று இருந்தால் அது உறுதியான ஒப்பந்தம், நாம் போகாவிட்டாலும் மீதியைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. சின்ன இடங்களில் கார்டு வாங்காதவர்களும் இருக்கிறார்கள், கையில் யூரோ வைத்திருங்கள்.

விசாவில் இதனால் சிக்கல் வருமா?

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டாருக்கு இந்தக் கேள்வியே இல்லை. மற்றவர்களுக்கு: உறவினர் வீட்டில் தங்குவதற்கு அவர்கள் தங்கள் மேரியில் போய் 'அத்தெஸ்தாசியோன் தகேய்' என்கிற, தங்க இடம் தருகிறோம் என்ற சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். மூன்று இரவுக்கான விடுதிப் பதிவையும் அதோடு இணைத்துவிட்டால் பயணத் திட்டம் தெளிவாக இருக்கும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. நாங்கள் மறைக்காமல் எழுதிக் கொடுத்தோம், ஒரு கேள்வியும் வரவில்லை.

எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது.

எனக்கும் அலியான்ஸ் பிரான்சேசில் மூன்று மாதம் படித்ததுதான். உள்ளே நுழைந்ததும் போன்ழூர், வெளியே வரும்போது மெர்சி, ஒரெவுவார். இதைச் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் முகம் மாறிவிடும், சொன்னால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். போதும்.

பிள்ளைகளை, மாமியாரை அழைத்துப் போகலாமா?

போகலாம், அறையும் கொடுப்பார்கள். ஆனால் நான் எழுதுவது அந்தப் பயணத்தைப் பற்றி இல்லை. அவர்களோடு மீதி நாட்கள் எல்லாம் இருக்கின்றன.

மூன்று நாள் ஒரே சின்ன ஊரில் என்ன செய்வது? போரடிக்காதா?

எகிசைம் வட்டமான ஊர். நடுவில் கோட்டை, அதைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரு, எங்கே தொடங்கினாலும் தொடங்கின இடத்துக்கே வந்து சேர்வீர்கள். மெதுவாக நடந்தாலும் வெளிவட்டத்துக்குக் கால்மணி நேரம்தான். முதல் நாள் ஜன்னல் பூவைப் பார்ப்பீர்கள், இரண்டாம் நாள் கதவு நிலையில் கட்டின வருஷம் செதுக்கியிருப்பது தெரியும், மூன்றாம் நாள் எந்த வீட்டில் நாய் இருக்கிறது என்பது வரை தெரிந்துவிடும். மலைமேல் மூன்று இடிந்த கோபுரங்கள், ஏற விருப்பம் இருந்தால் ஏறலாம். கொல்மாரில் உன்டர்லிண்டன் அருங்காட்சியகம், அங்கே கிரூனவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்த பலிபீட ஓவியம். சிலுவையில் இருக்கிற உடம்பு முழுக்கப் புண், தோல் நோயாளிகளைப் பராமரித்த மடத்துக்காக வரைந்தது, தங்கள் வேதனை அவருக்கும் தெரியும் என்று நோயாளிகள் பார்ப்பதற்காக. நான் அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன்.

அப்புறம் நாரைகள். கூரை உச்சியில் வண்டிச் சக்கரம் அளவுக்குக் கூடு. 1970களில் அழிகிற நிலைக்கு வந்துவிட்டதை வளர்த்து மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடச் செய்யுளில் படித்தோமே செங்கால் நாரை, அதேதான். அதற்குக் குரல் கிடையாது, ஜோடி வந்து இறங்கினதும் இரண்டும் கழுத்தைப் பின்னால் வளைத்து அலகைத் தடதடவென்று தட்டும், மரக்கட்டையால் தட்டுகிற மாதிரி. மாலையில் சதுக்கத்து நீரூற்றுப் பக்கம் உட்கார்ந்து இவர் அதைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்ட கஷ்டம், அவர் அப்பாவிடம் கடைசியாகச் சண்டை போட்டது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராதது. வீட்டில் நேரமில்லை என்பதில்லை, வீட்டில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. போரடித்ததா என்றால், ஒரு மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒன்றுமே செய்யவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினோம்.

பாட்டில் வாங்கி வரலாமா?

ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரி இல்லாமல் இந்தியாவுக்குக் கொண்டுவரலாம், அதாவது சாதாரண 75 சென்டிலிட்டர் பாட்டில் ஆளுக்கு இரண்டு. கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டியில்தான் போட வேண்டும். இவர் வேட்டியை நாலாக மடித்து ஒவ்வொன்றையும் சுற்றி, நடுவில் துணி வைத்து அடுக்கினார், ஒன்றும் உடையவில்லை. ஆனால் முதல் பாட்டிலும் ஒரு முழுக் குகெலோஃபும் சார்செலுக்கு. அதை நாத்தனார் மேசையில் வைத்த பிறகுதான் நம் பெட்டியைக் கட்ட வேண்டும்.